பேசுவதற்கு முன் ஒரு பக்கம்: உரைக்கான சட்டகம் தயாரிப்பது எப்படி?

ஏதோ ஒரு தலைப்பில் பேசச் சொல்லிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலானவர்கள் உடனே இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். சிலர் பவர்பாயிண்டைத் திறந்து முதல் ஸ்லைடில் தலைப்பையும் தங்கள் பெயரையும் தட்டுவார்கள். மற்றவர்கள் ஒரு தாளை எடுத்து "அனைவருக்கும் வணக்கம்" என்று எழுதிவிட்டு, அடுத்த வரி வருமா என்று விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு பேருக்கும் சிக்கல் ஒன்றுதான். என்ன சொல்லப்போகிறோம் என்பது முடிவாவதற்குள், எப்படிச் சொல்வது என்பதில் கை வைத்துவிட்டார்கள்.

அந்த முடிவை எடுக்கும் இடம்தான் சட்டகம். அவுட்லைன் என்றும் சொல்கிறோம். சொல்லப்போகும் முக்கியமான விஷயம் எது, அதை எவையெல்லாம் தாங்கி நிற்கின்றன, எது முன்னால், எது பின்னால் என்பதெல்லாம் ஒரு பக்கத்துக்குள் தெரிய வேண்டும். பத்து நிமிடப் பேச்சுக்கு ஒரு பக்கம் தாராளம்.

கட்டுரைக்குக்கூட இது இவ்வளவு அவசியமில்லை. படிப்பவருக்குப் புரியாவிட்டால் இரண்டு பத்தி மேலே போய் மறுபடி படிப்பார். அலுத்தால் தாண்டிப்போவார், எத்தனை பக்கம் மீதி என்று புரட்டிப் பார்ப்பார். கேட்பவருக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. ஒரு வாக்கியத்தைத் தவறவிட்டால் விட்டதுதான். நாம் எங்கே இருக்கிறோம், எங்கே போகிறோம் என்பது அவருக்கு நாம் சொன்னால்தான் தெரியும். அதனால் பேச்சில் வரிசை குழம்பினால், நல்ல சரக்கு இருந்தும் வீணாகிவிடும்.

பட்டியல் வேறு, சட்டகம் வேறு

தேனீக்களைப் பற்றி ஏழு நிமிடம் பேச வேண்டும் என்று எடுத்துக்கொள்வோம். கேட்பவர்கள் பொதுவான ஆட்கள், உயிரியல் படித்தவர்கள் இல்லை. முதலில் நினைவுக்கு வருவதையெல்லாம் கொட்டினால் இப்படி இருக்கும்: தேன் எப்படி உருவாகிறது, ராணித் தேனீ, அறுகோண அறைகள், மகரந்தச் சேர்க்கை, தேனீக்கள் குறைந்துவருவது, கொடுக்கு, தேனீ நடனம், தேனின் மருத்துவக் குணம், ஆண் தேனீக்கள்.

இப்படிக் கொட்டுவதில் தவறே இல்லை. செய்யத்தான் வேண்டும், அதுவும் எதையும் தடுக்காமல். பேச்சுக்குப் பேர்போன ரோமானியர் சிசரோ, அவர் காலத்து ரோமானியப் பேச்சுக்கலையே வேலையை ஐந்தாகப் பிரித்திருந்தது: விஷயத்தைக் கண்டெடுப்பது, வரிசைப்படுத்துவது, சொல்நடை, நினைவில் வைப்பது, பேசிக்காட்டுவது. கண்டெடுப்பதையும் வரிசைப்படுத்துவதையும் தனித்தனி வேலைகளாக வைத்தார்கள் பாருங்கள், அதுதான் இங்கே நமக்கு உதவும் செய்தி. ஒன்றைத் தேடும்போதே "இது எங்கே வரும்?" என்று யோசித்தால் இரண்டுமே அரைகுறையாக நிற்கும்.

ஆனால் நிறையப் பேர் இந்தப் பட்டியலுக்கே 1, 2, 3 என்று எண் போட்டுவிட்டு, சட்டகம் தயார் என்று எழுந்துவிடுகிறார்கள். "ராணித் தேனீ" என்று ஒரு வரி இருக்கிறது. சரி, ராணித் தேனீயைப் பற்றி என்ன? அந்த வரியில் பதில் இல்லை. மேடையில் நிற்கும்போதுதான் அந்தக் கேள்வி வந்து முன்னால் நிற்கும். அப்போது வாய்க்கு வந்ததைச் சொல்லுவோம். "தேன்" என்ற வரிக்கு ஒருவர் அரை நிமிடமும் பேசலாம், அரை மணி நேரமும் பேசலாம். தலைப்புச் சொற்களின் தொந்தரவே இதுதான், எவ்வளவு யோசித்திருக்கிறோம் என்பதை அவை நம்மிடமிருந்தே மறைத்துவிடும்.

ஆகவே சட்டகத்தின் முக்கியமான வரிகளை முழு வாக்கியமாக எழுதுங்கள். எழுவாய், பயனிலையோடு, ஒரு கருத்தைச் சொல்லும் வாக்கியமாக. இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

மைய வாக்கியம்

எல்லா வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு வாக்கியம் வேண்டும். பேச்சைக் கேட்டவரிடம் வாசலில் யாராவது "என்ன சொன்னாங்க?" என்று கேட்டால், அவர் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறோமோ அந்த வாக்கியம். "தேனீயைப் பத்திப் பேசினாங்க" என்று அவர் சொன்னால் நாம் தோற்றுவிட்டோம்.

பட்டியலைப் பார்த்தால் இரண்டு மூன்று மைய வாக்கியங்கள் சாத்தியம். "நாம் சாப்பிடும் பல பயிர்கள் தேனீ போன்ற உயிரினங்களின் மகரந்தச் சேர்க்கையை நம்பியிருக்கின்றன" என்பது ஒன்று. நல்ல விஷயம்தான், ஆனால் பலரும் ஏற்கெனவே கேட்டது. "பூக்கள் எங்கே இருக்கின்றன என்பதைத் தேனீக்கள் நடனமாடி ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கின்றன" என்பது இன்னொன்று. ஏழு நிமிடத்தில் முழுசாக விளக்கிவிடக்கூடியது, கேட்பவருக்குப் புதிது. நான் இரண்டாவதை எடுப்பேன்.

எடுத்த மறு நொடியே பட்டியலில் பாதிக்கு மேல் வெளியே போய்விடும். ராணித் தேனீ, ஆண் தேனீ, கொடுக்கு, தேனின் மருத்துவக் குணம் எதற்கும் இந்தப் பேச்சில் இடமில்லை. தேடிச் சேர்த்ததை விட மனசு வராது. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்களே, பேச்சில் அந்த அளவுகோல் இந்த மைய வாக்கியம்தான். ஒரு தகவல் எவ்வளவு சுவையாக இருந்தாலும், மைய வாக்கியத்தைத் தாங்கவில்லை என்றால் அது வேறொரு பேச்சுக்கு உரியது. வெட்டியதைத் தூக்கியெறியாமல் தனித்தாளில் வையுங்கள். கேள்வி நேரத்தில் கை கொடுக்கும்.

சட்டகம் எப்படி இருக்கும்?

வாருங்கள், எழுதிவிடுவோம்.

மையம்: பூக்கள் எங்கே இருக்கின்றன என்பதைத் தேனீக்கள் நடனமாடி ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கின்றன.

தொடக்கம்: ஒரு தேனீ பூத்துக் குலுங்கும் ஓர் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டுக் கூட்டுக்குத் திரும்புகிறது. கொஞ்ச நேரத்தில் அதே இடத்துக்கு அதன் கூட்டுத் தேனீக்கள் பல வந்துவிடுகின்றன. யார் வழி சொன்னது?

1. திரும்பி வந்த தேனீ, கூட்டுக்குள் செங்குத்தாக நிற்கும் அடையின் மேல் ஆடுகிறது.
– உடலை ஆட்டியபடி நேராக ஓர் ஓட்டம், வளைந்து திரும்பி மறுபடி அதே ஓட்டம் (விரலால் வரைந்து காட்டு)

2. அந்த ஓட்டத்தின் கோணம் திசையைச் சொல்கிறது.
– நேர் மேலே ஓடினால்: சூரியன் இருக்கும் திசை
– மேலிருந்து 40 டிகிரி வலப்பக்கம் சாய்ந்தால்: சூரியனிலிருந்து 40 டிகிரி வலப்பக்கம்

3. ஓட்டம் நீடிக்கும் நேரம் தூரத்தைச் சொல்கிறது.
– தோராயமாக ஒரு நொடிக்கு ஒரு கிலோமீட்டர்

4. இது வெறும் ஊகம் இல்லை, சோதித்துப் பார்த்தது.
– விஞ்ஞானி கார்ல் ஃபான் ஃபிரிஷ்: தேனீக்களின் மேல் வண்ணப் புள்ளி, சர்க்கரைக் கரைசல் வைத்த கிண்ணம், 1973 நோபல் பரிசு

முடிவு: அடுத்த முறை ஒரு பூவில் தேனீயைப் பார்த்தால், அது தானாகத் தேடி வந்ததா, வழி கேட்டு வந்ததா என்று யோசித்துப் பாருங்கள்.

எண் போட்ட நான்கு வாக்கியங்களை மட்டும் மேலிருந்து கீழே சத்தமாகப் படித்துப் பாருங்கள். உள்வரிகள் இல்லாமலே ஒரு சின்னப் பேச்சு கேட்கிறது அல்லவா? சட்டகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த மிக எளிய சோதனை இது. படிக்கும்போது ஓரிடத்தில் திக்கென்று நின்றால், அங்கே ஒரு வாக்கியம் விட்டுப்போயிருக்கிறது.

இன்னொரு சோதனை, வரிகளை இடம் மாற்றிப் பார்ப்பது. மேலே ஒன்றையும் இரண்டையும் மாற்ற முடியாது, ஆட்டத்தைச் சொல்லாமல் அதன் கோணத்தைப் பேச வழியில்லை. இரண்டையும் மூன்றையும் மாற்றலாம். எது முன்னால் வர வேண்டும்? கோணம் புரிந்துகொள்ளக் கடினம், தூரம் எளிது. எளிதை முதலில் சொல்லிப் பழக்கிவிட்டுக் கடினத்துக்குப் போகலாம் என்று ஒருவர் வாதிடலாம். கேட்பவரின் கவனம் புதிதாக இருக்கும்போதே கடினத்தை முடித்துவிடுவோம் என்பது என் கட்சி. எதை எடுத்தாலும் காரணம் தெரிந்து எடுத்தால் சரி. எந்த இரண்டு பாயிண்டை மாற்றினாலும் ஒன்றும் ஆகவில்லை, இடையில் "அப்புறம்" என்பதைத் தவிர வேறு சொல் பொருந்தவில்லை என்றால், உங்கள் கையில் இருப்பது இன்னும் பட்டியல்தான். "ஆனால்", "அதனால்", "இதை எப்படி நம்புவது?" போன்ற இணைப்புகள் தானாக வந்து விழ வேண்டும்.

நான்காவது வரியைப் பாருங்கள். கேட்பவர்கள் ஆராய்ச்சியில் ஈடுபாடு உள்ளவர்களாக இருந்தால் அதைத் தூக்கி முதலில் வைத்துவிடலாம். ஒரு விஞ்ஞானி ஏன் தேனீக்களுக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார் என்று ஆரம்பித்து, அவர் கண்டதாகவே கோணத்தையும் நேரத்தையும் சொல்லிக்கொண்டு போனால் அதே பேச்சு துப்பறியும் கதையாகிவிடும். முழுசாக எழுதி முடித்த உரையில் இப்படி மாற்ற நினைத்தால் பாதியை அடித்து எழுத வேண்டியிருக்கும். சட்டகத்தில் ஒரு வரியை வெட்டி மேலே ஒட்டினால் போதும்.

எத்தனை பாயிண்ட்? எந்த வரிசை?

மூன்று அல்லது நான்கு. நம்மால் ஒரே நேரத்தில் மனதில் தாங்கிக்கொள்ள முடிந்தது ஏழு, இரண்டு கூடலாம் குறையலாம் என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதினார். 2001-இல் நெல்சன் கோவன் அதை நான்கு அளவுக்கு இறக்கினார். அவை எண்களையும் சொற்களையும் வைத்துச் செய்த ஆய்வுகளைச் சார்ந்தவை, பேச்சுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் ஒன்பதாவது பாயிண்டுக்கு வரும்போது சபையின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு ஆய்வு தேவைப்படாது.

வரிசைக்குப் பல வழிகள் உண்டு. காலம், இடம், காரணம் – விளைவு, பிரச்சினை – தீர்வு. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863 நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பர்கில் ஆப்ரகாம் லிங்கன் பேசியது ஏறக்குறைய 270 சொற்கள், இரண்டு மூன்று நிமிடம். அதன் எலும்புக்கூடு வெறும் கால வரிசை: நாடு எப்படிப் பிறந்தது, இப்போது போரில் எங்கே நிற்கிறது, உயிரோடிருப்பவர்கள் இனி என்ன செய்ய வேண்டும். நேற்று, இன்று, நாளை. அன்று அவருக்கு முன்னால், அக்காலத்தின் பிரபல பேச்சாளர் எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் பேசினார்.

யாரையாவது ஒன்றைச் செய்யவைக்கப் பேசுவதானால், பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஆலன் மன்றோ 1930-களில் உருவாக்கிய ஐந்து படி வரிசை இன்றும் பாடமாக இருக்கிறது. கவனத்தை இழு, குறையைக் காட்டு, தீர்வைச் சொல், அது நடந்தால் எப்படி இருக்கும் என்று கண்முன் கொண்டுவா, இப்போது என்ன செய்ய வேண்டும் என்று கேள். இதில் நான்காவது படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தீர்வைச் சொன்ன கையோடு "ஆகவே ஒப்புதல் தாருங்கள்" என்று போய்விடுவதால், கேட்பவருக்கு அந்தத் தீர்வு பிடிபடுவதற்கே நேரம் கிடைப்பதில்லை.

வாழ்த்துரை, பிரிவு உபசாரம் போன்றவற்றுக்கு இவ்வளவு ஏற்பாடு வேண்டாம். அந்த நபரைப் பற்றி ஒரு குணம், அதைக் காட்டும் ஒரு சம்பவம், ஒரு வாழ்த்து. மூன்று வரி எழுதினாலே சட்டகம்தான்.

தொடக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள்

நடுப்பகுதி நிற்கும் வரை தொடக்கத்தைத் தொடாதீர்கள். எதை அறிமுகப்படுத்துகிறோம் என்று தெரியாமல் அறிமுகம் எழுதினால் அது "தேனீ என்பது ஓர் அற்புதமான உயிரினம்" என்றுதான் வரும். எந்த உயிரினத்துக்கும் அந்த வாக்கியத்தைப் போட்டுக்கொள்ளலாம். நம் சட்டகத்தில் தொடக்கம் ஒரு கேள்வியில் முடிகிறது, எண் போட்ட நான்கு வரிகளும் அதற்குப் பதில். நடுவே உள்ள பதில் தெரிந்ததால்தான் கேள்வியைச் சரியாகக் கேட்க முடிந்தது.

முடிவையும் எழுதி வைத்துவிடுங்கள், அதுவும் கடைசி வாக்கியத்தை வார்த்தைக்கு வார்த்தை. இதைச் செய்யாதவர்கள்தான் "எனவே… இத்துடன்… இன்னும் ஒன்றே ஒன்று சொல்லி…" என்று ஐந்து நிமிடம் சுற்றி வருகிறார்கள். நன்றி சொல்வது மரியாதை, அதை முடிவு என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

நிமிடக் கணக்கு

ஒவ்வொரு வரிக்கும் எதிரே நிமிடம் எழுதுங்கள். நம் பேச்சுக்கு: தொடக்கம் 1, ஆட்டம் 1, திசை 2, தூரம் 1, சோதனை 1, முடிவு அரை. மொத்தம் ஆறரை. மீதி அரை நிமிடம் இருமலுக்கும் மைக் சரிசெய்வதற்கும். திசைக்கு மட்டும் இரண்டு, ஏனென்றால் அங்கேதான் கேட்பவர் தடுமாறுவார்.

நிமிடத்துக்கு 130 முதல் 150 சொற்கள் என்று ஒரு கணக்கு பல இடங்களில் சொல்லப்படும். அது ஆங்கிலத்துக்கு. தமிழில் வேற்றுமை உருபும் விகுதியும் ஒட்டிச் சொற்கள் நீள்வதால், அதை நம்பினால் நேரம் காலை வாரிவிடும். நீங்கள் எழுதிய ஒரு பக்கத்தை, சபையில் பேசும் வேகத்தில், ஃபோனில் ஸ்டாப்வாட்ச் போட்டுப் படித்துப் பாருங்கள். உங்கள் கணக்கு உங்களுக்குக் கிடைத்துவிடும்.

மேடைக்கு எடுத்துப்போவது வேறு தாள்

முழு வாக்கியங்கள் உள்ள சட்டகம் தயாரிப்புக்கானது. அதையே கையில் வைத்துக்கொண்டு நின்றால் கண் தாளை விட்டு எழாது. ஆகவே ஓரிரு முறை பேசிப் பார்த்த பிறகு, அதைச் சுருக்கி ஒரு சின்ன அட்டையில் எழுதுங்கள். "கோணம் → திசை, 40 வலம், விரல்" என்ற அளவுக்கு. முழு வாக்கியமாக யோசித்து முடித்த பிறகு இந்தத் துண்டுச் சொற்கள் நினைவைத் தட்டி எழுப்பும். யோசிக்காமல் எழுதிய துண்டுச் சொற்கள் எதையும் எழுப்பாது. அட்டையிலும் சில முழுசாக இருக்கட்டும்: முதல் வாக்கியம், கடைசி வாக்கியம், ஆட்களின் பெயர்கள், எண்கள், ஆண்டுகள். பதற்றத்தில் முதலில் பறந்துபோவது இவைதான்.

"இப்படி எழுதி வைத்தால் பேச்சு இயல்பாக இருக்காதே" என்று சிலர் தயங்குவார்கள். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் கையில் தயாரித்த உரையோடுதான் நின்றார். இறுதிப் பகுதியில் தாளை விட்டு விலகித் தன் கனவைப் பற்றிப் பேசினார், இன்று எல்லோருக்கும் நினைவிருப்பது அந்தப் பகுதிதான். ஆனால் அந்தக் கனவுப் பகுதியை அவர் அதற்கு முன்பே வேறு கூட்டங்களில் பேசியிருக்கிறார், அதே ஆண்டு ஜூனில் டெட்ராய்ட்டில் பேசியதும் அதில் சேர்த்தி. எங்கே விலகலாம், விலகினால் எதைப் பேசலாம் என்பதற்கு அவரிடம் நிறையக் கைவசம் இருந்தது.

ஸ்லைடு தேவைப்பட்டால் இப்போது பவர்பாயிண்டைத் திறக்கலாம். எண் போட்ட வாக்கியங்களையே ஸ்லைடு தலைப்பாகப் போடுங்கள். "திசை" என்று போடுவதைவிட "ஓட்டத்தின் கோணம் திசையைச் சொல்கிறது" என்று போட்டால், நடுவில் ஃபோனைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தவருக்கும் பேச்சு எங்கே நிற்கிறது என்று புரியும். உள்வரிகளை ஸ்லைடில் கொட்ட வேண்டாம், அங்கே ஒரு படம் போதும். தேனீ நடனத்துக்கு ஒரு செங்குத்துக் கோடு, ஒரு சாய்ந்த கோடு, ஓரத்தில் ஒரு சூரியன்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி. முந்தைய பேச்சாளர் நேரத்தைத் தின்றுவிட, "கொஞ்சம் சுருக்கமா முடிச்சிடுங்க" என்று யாராவது காதில் வந்து சொல்வது சகஜம். அப்போது வேகமாகப் பேசி எல்லாவற்றையும் திணிக்கப் பார்ப்பவர்கள்தான் அதிகம். அதற்குப் பதிலாக, விட்டுவிட்டாலும் மையம் சாயாத வரிகளை முன்கூட்டியே அட்டையில் பென்சிலால் கட்டம் கட்டி வையுங்கள். நம் பேச்சில் முதலில் மூன்றாவது வரி போகலாம், "தூரத்தையும் இதே ஆட்டத்திலேயே சொல்லிவிடுகிறது" என்று ஒரே வாக்கியத்தில் கடந்துவிடலாம். இன்னும் குறைக்கச் சொன்னால் நான்காவது வரியில் ஃபான் ஃபிரிஷின் பெயரையும் ஆண்டையும் மட்டும் வைத்துக்கொண்டு, சோதனை எப்படி நடந்தது என்பதைக் கேள்வி நேரத்துக்கு ஒதுக்கிவிடலாம். தொடக்கக் கேள்வி, ஆட்டம், கோணம், முடிவு வாக்கியம் ஆகிய நான்கையும் மட்டும் தொட வேண்டாம்.